பசையில்லாமல் பிடித்துக்கொள்ளும் இழைகள்

நீங்கள் போட்டிருக்கும் பனியனின் கீழ் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். ரப்பரைப் போல நீளும். விட்டால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். இப்போது மேலே போட்டிருக்கும் சட்டையின் விளிம்பை அதேபோல் இழுங்கள். அது அசைந்தே கொடுக்காது. பனியனும் பருத்தி நூல்தான், சட்டையும் பருத்தி நூல்தான் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பனியன் நூலில் ரப்பர் எதையும் கலப்பதில்லை. பிறகு ஏன் ஒன்று நீளுகிறது, மற்றொன்று மறுக்கிறது?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு துணியில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டப் பசை எதையும் தடவுவதில்லை. முடிச்சும் போடுவதில்லை. ஆனாலும் துவைத்தாலும் பிழிந்தாலும் கல்லில் அடித்தாலும் அவை பிரிந்து ஓடுவதில்லை. எது அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது?

இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு போக நல்ல ஊர் ஒன்று இருக்கிறது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள கண்ணமங்கலம். காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையிலும் அது ஒரு நிலையம். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் புடவைகள் ஆரணி நகரத்தில் மட்டும் நெய்யப்படுபவை அல்ல. ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, முள்ளிப்பட்டு, சேவூர், தேவிகாபுரம் என்று சுற்றிலும் உள்ள ஊர்களின் வீடுகளிலிருந்து வருபவை அவை. கண்ணமங்கலம் வட்டாரத்திலும் தறிச்சத்தம் கேட்கும் வீடுகள் உண்டு. அந்தத் தறிகளில் நடப்பதைப் புரிந்துகொள்ள நாமும் கொஞ்சம் நூலைக் கையில் எடுக்க வேண்டும். அதைத் தனியே செய்வதைவிட நாலைந்து பேர் சேர்ந்து செய்வது நல்லது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சனிக்கிழமை பிற்பகல் ஒரு திண்ணையோ மரத்தடியோ போதும். கொஞ்சம் பஞ்சு, ஒரு கண்டு சணல் அல்லது தடித்த பருத்தி நூல், பழைய பனியன் ஒன்று, சாக்குத்துணி ஒரு துண்டு, தடித்த அட்டை, ஓர் அடிக்கோல், பழைய சீப்பு. இவ்வளவுதான் முதலீடு.

திரியிலிருந்து தொடங்குவோம்

பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து இரு பக்கமும் இழுங்கள். சத்தமில்லாமல் பிரிந்துவிடும். மீண்டும் ஒரு சிட்டிகை எடுத்து, பாட்டி விளக்குத்திரி திரிப்பதுபோல உள்ளங்கையில் உருட்டி முறுக்குங்கள். இப்போது இழுத்தால் எளிதில் பிரியாது. பஞ்சு அதேதான், அதில் நீங்கள் எதையும் சேர்க்கவில்லை. முறுக்கை மட்டும்தான் சேர்த்தீர்கள்.

பருத்தி நார் ஒவ்வொன்றும் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளமே இருக்கும். முறுக்கும்போது நார்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நெருங்குகின்றன. இழுக்க இழுக்க அந்தச் சுற்று இன்னும் இறுகி உராய்வைக் கூட்டுகிறது. அதாவது, பிரிக்க நினைக்கும் விசையே இழைகளைச் சேர்த்து அழுத்துகிறது. இந்தத் தந்திரம் துணியில் திரும்பத் திரும்ப வரும்.

உராய்வின் வலிமையை நேரில் பார்க்க வேண்டுமா? முரட்டு மாட்டைப் பிடிப்பவர் கயிற்றைக் கையால் மட்டும் இழுத்துக்கொண்டு நிற்க மாட்டார். பக்கத்து மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பார். சுற்றிவிட்டால் ஒரு சிறுவன்கூட அந்த மாட்டை நிறுத்தி வைக்கலாம். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றில் உங்கள் பிடி ஏறத்தாழ 6.6 மடங்காகிறது. இரண்டு சுற்றில் 43 மடங்கு, மூன்று சுற்றில் ஏறத்தாழ 286 மடங்கு! கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது பாருங்கள். ஒரு பென்சிலில் நூலைச் சுற்றி, நுனியில் தண்ணீர் நிரம்பிய டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டு இதைச் சோதிக்கலாம். டம்ளர் எவர்சில்வராக இருக்கட்டும், கண்ணாடி வேண்டாம்.

துணியில் ஓர் இழை மற்றோர் இழையின் மேல் ஏறி இறங்கும்போது அதுவும் ஒரு சிறு வளைவுதான். மரத்தைச் சுற்றிய கயிறு போலத்தான், ஆனால் முழுச் சுற்று இல்லை. ஒரு வளைவு மிகச் சிறியது என்றாலும், நூற்றுக்கணக்கான வளைவுகள் சேரும்போது என்ன ஆகும்? சாக்குத்துணியில் இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டி, அதிலிருந்து ஒரு குறுக்கு இழையை உருவுங்கள். எளிதாக வந்துவிடும். அடுத்து, ஒரு முழம் அகலமுள்ள நெருக்கமான பருத்தித் துணியிலிருந்து ஓர் இழையை முழுதாக உருவ முயலுங்கள். இழை அறுந்துபோகுமே தவிர முழுதாக வராது. பசை இல்லாத பிடிப்பு என்பது இதுதான்.

கண்ணியும் குறுக்குக் கோடும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இழைகளை அடுக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று பின்னல், மற்றொன்று நெசவு.

பின்னலுக்கு ஒரே நூல் போதும். நூலில் ஒரு கண்ணி போடுங்கள். அதற்குள் விரலை விட்டு நூலை இழுத்து இரண்டாவது கண்ணி எடுங்கள். அதற்குள் மூன்றாவது. இப்படியே போனால் சங்கிலி வரும். ஒரு சாண் நீளம் பின்னியதும் கடைசிக் கண்ணியிலிருந்து விரலை எடுத்துவிட்டு நூலை இழுங்கள். முழுச் சங்கிலியும் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடும். இதை நீங்கள் ஏற்கனவே பார்த்திருக்கிறீர்கள். ஆரணிப் பக்கம் பட்டுக்கு மட்டுமல்ல, அரிசிக்கும் பெயர் போனது. அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பது இதே சங்கிலித் தையல்தான். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் 'சர்ர்' என்று ஓடிவிடும். தவறான முனையை இழுப்பவர் கத்தியைத் தேடுவார். உங்கள் சங்கிலியிலும் தொடங்கிய முனையை இழுத்துப் பாருங்கள். இறுகுமே தவிர அவிழாது.

சங்கிலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கோத்தால் பனியன் துணி. பழைய பனியனை உருப்பெருக்கியால் பாருங்கள். வெளிப்பக்கத்தில் கவிழ்ந்த கூரை போன்ற கோணங்கள் வரிசையாக நிற்கும். உட்பக்கத்தில் சிறு சிறு வளைவுகள் தெரியும். இந்தக் கண்ணிகள்தான் நீட்சியின் இரகசியம். துணியை இழுக்கும்போது நூல் நீளவில்லை; கண்ணியின் உருவம் மாறுகிறது. உயரமான கண்ணி அகலமான கண்ணியாகிறது. விட்டதும், வளைந்த நூலின் விறைப்பு அதைத் திருப்பிக் கொண்டுவருகிறது. அகலவாக்கில் எவ்வளவு நீள்கிறது, நீளவாக்கில் எவ்வளவு நீள்கிறது என்று 10 செ.மீ. குறித்து அளந்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இராது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு கண்ணி அறுந்தால் அதைத் தாங்கியிருந்த கண்ணியும் அதற்கடுத்ததும் பிடி தளர்ந்து, ஏணிப்படி போல ஓட்டை நீளும். காலுறையில் ஓட்டை எப்படி வளர்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஸ்வெட்டர் பின்னும் உங்கள் அக்காவோ அத்தையோ ஒரு கண்ணி நழுவினால் பதறி ஓடிப்போய்க் கொக்கி ஊசியால் அதைப் பிடித்துப் படிப்படியாக மேலே ஏற்றுவார்கள். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். முழுதும் அவிழ்க்கத் தேவையில்லை. சைக்கிள் கம்பி இரண்டை நுனி மழுக்கி எடுத்துக்கொண்டால் நல்ல பின்னல் ஊசிகள் கிடைத்துவிடும். கண்ணிகள் ஒரே அளவாக வரவில்லை என்று முதல் வாரம் கவலைப்பட வேண்டாம். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் இழுவிசை சீராகும். மாட்டுக்கயிற்றின் கணக்கேதான்!

இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் கண்ணி பின்னும் எந்திரத்தைச் செய்தார். இன்று திருப்பூரில் வட்டவடிவப் பின்னல் எந்திரங்கள் பனியன் துணியைக் குழாயாகவே பின்னித் தள்ளுகின்றன. பழைய மாதிரிப் பனியன் பலவற்றில் பக்கத் தையல் இல்லாததற்கு அதுதான் காரணம்.

நெசவு வேறு வகை. அதில் கண்ணி கிடையாது. நீளவாக்கில் விறைப்பாக நிற்கும் இழைகள் பாவு. குறுக்கே ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகப் போகும் இழை ஊடை. பாவும் ஊடையும் ஏறக்குறைய நேர்கோட்டில் கிடப்பதால் இழுத்தாலும் கொடுக்க அவற்றிடம் தளர்ச்சி இல்லை. ஆனால் உங்கள் கைக்குட்டையின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். நீள்கிறது! மூலைவாக்கில் இழைகள் எதுவும் இல்லை. சதுரக் கட்டங்கள் சாய்ந்து சாய்சதுரங்களாகின்றன. தையற்காரர்கள் கழுத்துப் பட்டிக்குத் துணியை மூலைவாக்கில் வெட்டுவது இதனால்தான்.

கண்ணமங்கலத்துத் தறியில்

பட்டு நெசவாளர் வீட்டில் தறி பெரும்பாலும் குழித்தறி. நெசவாளர் தரையின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டைகளை மிதிப்பார். ஒரு மிதிக்குப் பாவில் பாதி இழைகள் மேலே எழும். வாய் திறக்கும். அதற்குள் நாடா ஓடி ஊடையை விட்டுச் செல்லும். அச்சுப்பலகை வந்து அதை நெருக்கி அடிக்கும். அடுத்த மிதிக்கு மறு பாதி எழும். கயிற்றை வெட்டி இழுத்தால் நாடா தானே ஓடும் ஏற்பாட்டை ஜான் கே என்ற ஆங்கிலேயர் 1733-இல் செய்தார். அதற்கு முன் நாடாவைக் கையால்தான் எறிந்து பிடித்தார்கள்.

தறி ஓடுவதற்கு முன் உள்ள வேலைதான் எனக்கு அதைவிட வியப்பானது. ஒரு கணக்குப் போடுவோம். புடவையின் அகலம் 48 அங்குலம், அங்குலத்துக்கு 100 பாவு இழைகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4800 இழைகள். இவற்றில் ஒன்றுகூடச் சிக்காமல், முந்தாமல், தளராமல் சம இழுவிசையோடு தறிக்குப் போக வேண்டும். அதற்காக விடியற்காலையில் பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டுவார்கள். அரிசிக்கஞ்சி தெளித்து, நீவி, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்து, அறுந்ததைச் சேர்த்து, வெயில் ஏறுவதற்குள் உலர்த்திச் சுருட்டிவிடுவார்கள். கஞ்சி காய்ந்ததும் இழையின் மேல் மெல்லிய உறையாகப் படிந்து, அச்சில் உரசும்போது அறுந்துபோகாமல் காக்கிறது.

ஒரு வீட்டாரால் மட்டும் ஆகிற வேலை அல்ல இது. இந்த முனையைப் பிடிக்க இருவர், அந்த முனையை இழுக்க இருவர், நடுவில் நீவ நாலு பேர். இன்று உன் பாவு, நாளை என் பாவு என்று தெருவே ஒருவருக்கொருவர் கை கொடுக்கும். பலர் நெசவை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட தெருவில் மிஞ்சிய நெசவாளருக்குப் பட்டு கிடைத்தாலும், பாவை நீட்டிப் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. தறி ஒன்று நின்றால் பக்கத்துத் தறிக்கும் சிரமம் என்பதை வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள் சட்டென்று உணர்வதில்லை.

பழைய பாவு தீர்ந்ததும் புதிய பாவைப் பிணைக்க வேண்டும். அச்சிலும் விழுதிலும் மறுபடி 4800 இழைகளைக் கோப்பதற்குப் பதில், பழைய பாவின் நுனிகளைச் சிறிது விட்டுவைத்து, அவற்றோடு புதிய இழையை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். வழுக்காமலிருக்க விரலில் சிறிது சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். முடிச்சு போட்டால் அது அச்சின் இடுக்கில் தட்டும், முறுக்கு தட்டாது. ஓர் இழைக்கு ஆறு வினாடி என்றால் 4800 இழைக்கு எவ்வளவு நேரம்? சரியாக எட்டு மணி நேரம். ஒரு நாள் முழுதும் கண்ணை எடுக்காமல் செய்தால்! உங்கள் வட்டத்தில் ஒரு போட்டி வையுங்கள். இரண்டு தையல் நூல்களை முடிச்சில்லாமல், இலேசாக இழுத்தால் பிரியாதபடி முறுக்கிச் சேர்க்க உங்களுக்கு எத்தனை வினாடி ஆகிறது?

அட்டைத் தறி

இனி நாமே நெய்வோம். 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள தடித்த அட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக 31 வெட்டுகள் போடுங்கள். நூலை மேலும் கீழுமாகச் சுற்றி இழுத்துக் கட்டினால் பாவு தயார். அடிக்கோலை ஒரு இழைக்கு மேல், ஒரு இழைக்குக் கீழ் என்று செருகி நிமிர்த்தி நிறுத்துங்கள். பாவு வாய் திறக்கும். எதிர்ப்பாதி இழைகள் ஒவ்வொன்றிலும் சிறு நூல்கண்ணி போட்டு, எல்லாக் கண்ணிகளையும் ஒரு பென்சிலில் கட்டுங்கள். பென்சிலைத் தூக்கினால் மறு வாய் திறக்கும். நெசவாளர் சொல்லும் விழுது இதுதான். ஊடையை ஒரு சிறு அட்டைத்துண்டில் சுற்றி நாடாவாக்குங்கள். சீப்புதான் அச்சு.

பத்து வரிசை நெய்தபின் துணியின் இடுப்பு சிறுத்துக்கொண்டே போவதைக் காண்பீர்கள். எல்லோருக்கும் இது நேரும். காரணம், ஊடை நேராகப் போகவில்லை. ஏறி ஏறி இறங்குகிறது. ஆகவே துணியின் அகலத்தைவிட அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். விறைப்பாக இழுத்தால் அது ஓரங்களை உள்ளே இழுக்கிறது. ஊடையை வில் போல வளைத்து விட்டு, பிறகு சீப்பால் அடியுங்கள். வளைவில் உள்ள உபரி நீளம் ஏற்ற இறக்கங்களுக்குச் செலவாகிவிடும். தறியில் இதற்கென்றே இரு முனைகளிலும் முள் பொருத்திய மெல்லிய குச்சியைத் துணியின் அகலத்துக்கு விறைப்பாகக் கொடுத்து வைப்பதைக் காணலாம். முடிந்தபின் ஓர் ஊடையை உருவி, நீட்டி அளந்து, துணியின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை சதவீதம் கூடுதல்?

அடுத்து, ஒரு கூட்டு வேலை. வரைகட்டத் தாளில் 31 கட்ட அகலத்தில் ஒரு மாங்காயோ அன்னமோ வரைந்து கட்டங்களைக் கறுப்பாக்குங்கள். ஒருவர் தாளைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாகச் 'தூக்கு, விடு, விடு, தூக்கு' என்று படிக்கட்டும். வெற்றுக் கட்டத்துக்குத் தூக்கு. கறுப்புக் கட்டத்துக்கு விடு. இரண்டாமவர் அந்த இழைகளைத் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் வண்ண நூலைச் செருகட்டும். தூக்காத இழைகளின் மேல் வண்ணம் தெரியும். ஒவ்வொரு வண்ண வரிசைக்குப் பின்னும் சாதாரண ஊடை ஒன்றை நெய்து பூட்டிவிடுங்கள். மறந்தால் வண்ண நூலைப் பிடித்து வைக்க ஆளில்லை. ஒரு மாங்காய் முடிவதற்குள் படிப்பவருக்குத் தொண்டை கட்டும், தூக்குபவருக்கு விரல் வலிக்கும்.

பட்டு நெசவில் பல நூற்றாண்டுகள் நடந்தது இதுதான். ஐரோப்பாவில் தறியருகே ஒரு சிறுவன் இருந்து கயிறுகளை இழுத்து இழைகளைத் தூக்குவான். பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் அவனுடைய வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் கொடுத்தார். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. ஒன்று அல்லது சுழி. 1830-களில் சார்லஸ் பாபேஜ் தமது கணக்கு எந்திரத்துக்கு இந்த அட்டைகளையே நினைத்தார். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளால் எண்ணினார். கணினியின் முன்னோர்களில் ஒருவர் தறி என்று சொன்னால் மிகையில்லை. பட்டுத்தறியின் தலைமேல் ஜக்கார்டுப் பெட்டியும் அட்டைமாலையும் தொங்குவதைக் கண்டால், சற்று நின்று பாருங்கள்.

ஜக்கார்டு வந்தும் ஒரு வேலை கையிலேயே நின்றது. உடலும் கரையும் வேறு வேறு வண்ணமாக உள்ள கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். மறு ஓரத்து நாடாவைப் போட ஒரு துணையாள் தேவை. பட்டு நெசவு ஊர்களில் நெடுங்காலம் இந்தத் துணையாள் வேலைக்குச் சிறுவர் சிறுமியரை உட்கார வைத்தார்கள். உங்களைவிடச் சிறியவர்கள். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது அவர்கள் தறியோரத்தில் இருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவரைக் கூலி வேலைக்கு வைப்பதை எல்லாத் தொழில்களிலும் தடுக்கிறது. நீங்கள் விளையாட்டாகத் தூக்கிய இழைகளை நாள் முழுதும் தூக்கிய கைகள் அவை என்பதை நினைவில் வையுங்கள்.

இழை எது?

இதுவரை இழைகளின் அமைப்பைப் பார்த்தோம். அமைப்பை எவரும் நகலெடுக்கலாம். அதே கரை, அதே மாங்காய், அதே முந்தானையை விசைத்தறியில் பாலியெஸ்டர் நூலைக் கொண்டு விரைவாக நெய்துவிடலாம். அதைப் பட்டு என்று சொல்லி விற்றால், பல நாள் குழித்தறியில் உட்கார்ந்த குடும்பத்தின் கூலி அங்கேதான் போகிறது. வாங்கியவரும் ஏமாறுகிறார். ஆகவே, இழை எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது வெறும் வேடிக்கை அல்ல.

பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூட்டில் உள்ளது ஒரே தொடர் இழை. சில நூறு மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலும் அதன் நீளம் இருக்கும். பருத்தி நாரின் மூன்று சென்டிமீட்டரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! இழையின் உள்ளே ஃபைப்ராயின் என்ற புரதம். அதைச் சுற்றிச் செரிசின் என்ற பசைப் புரதம். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் கொதிக்கவைத்து அதை நீக்குகிறார்கள். அதன் பிறகுதான் பட்டு மென்மையும் மினுமினுப்பும் பெறுகிறது. மினுமினுப்புக்குக் காரணம், இழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோண வடிவில் இருப்பது. வட்டமான இழை ஒளியைச் சிதறடிக்கும். தட்டையான முகங்கள் கண்ணாடித் துண்டுபோல் திருப்பி அனுப்பும். ஆனால் மினுமினுப்பை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். செயற்கை இழைக்கும் இப்போது மூன்று முகங்கள் வரும்படி துளை வழியே இழுக்கிறார்கள்.

ஈரத்தில் வேறுபாடு தெளிவு. சாதாரணக் காற்றிலிருந்து பட்டு தன் எடையில் ஏறத்தாழ 11 சதவீத ஈரத்தை எடுத்துக்கொள்கிறது, பருத்தி 8.5 சதவீதம்; பாலியெஸ்டர் 0.4 சதவீதம் மட்டுமே. பாலியெஸ்டர் புடவை வியர்வையில் புழுங்குவதும், வறண்ட நாளில் 'படபட' என்று மின்னேற்றம் பெற்று ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

இவற்றைவிட எளிது, எரித்துப் பார்ப்பது. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துச் செய்யுங்கள். இரண்டு விரற்கடை நீள இழை போதும். பருத்தி காகிதம்போல மணத்து எரிந்து, மென்மையான சாம்பல் தரும். 'செயற்கைப் பட்டு' என்று விற்கும் விஸ்கோஸும் அப்படியே, ஏனென்றால் இரண்டும் செல்லுலோஸ். பாலியெஸ்டர் சுருங்கி உருகும். ஆறியதும் கடினமான மணியாகிவிடும். பட்டு தலைமுடி கருகும் நாற்றத்தோடு தயங்கித் தயங்கி எரியும். தீயை எடுத்தால் அணையும். எஞ்சும் கரிய சாம்பல் விரலில் பொடியாகும். முடியும் புரதம், பட்டும் புரதம் என்பதால் வரும் ஒற்றுமை. பள்ளிச் சோதனைக்கூடத்தில் வேதியியல் ஆசிரியரின் முன்னிலையில் இன்னொன்றும் செய்யலாம். சலவைக்குப் பயன்படும் ஹைப்போகுளோரைட் கரைசலில் இழைகளைப் போட்டு வையுங்கள். பட்டு கரைந்து மறைந்துவிடும். பருத்தியும் பாலியெஸ்டரும் கிடக்கும். அம்மாவின் பட்டுப்புடவைக்கு ஏன் சலவைப்பொடி ஆகாது என்பதும் தெரிந்துவிடும்.

மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் தூய பட்டுக்குப் 'பட்டு முத்திரை' தரப்படுகிறது. வாங்கும்போது அதைக் கேட்பது நல்லது. ஆனால் வீட்டில் ஏற்கனவே உள்ள புடவையைச் சோதிக்க நேர்ந்தால் ஓர் எச்சரிக்கை. எல்லோரும் முந்தானைக் குஞ்சத்தில்தான் இழை எடுப்பார்கள். குஞ்சத்தில் இருப்பவை பாவு இழைகள் மட்டுமே. நீங்கள் அட்டைத் தறியிலிருந்து துணியை வெட்டியெடுத்தபோது முனையில் தொங்கியவை எவை என்று எண்ணிப் பார்த்தால் புரியும். பாவில் பட்டும் ஊடையில் பாலியெஸ்டரும் கொடுத்து நெய்தால் குஞ்சச் சோதனையில் பிடிபடாது. அதனால் ரவிக்கைத் துண்டை எடுங்கள். அது புடவையிலிருந்து வெட்டப்பட்ட ஓரத்தில், விளிம்புக்கு இணையாகக் கிடக்கும் ஓர் இழையை ஊசி நுனியால் தள்ளி உருவுங்கள். ஓரத்தில் வளைவுகள் பிடிக்க ஒருபக்கம் ஆளில்லாததால் எளிதாகவே வரும். அதுதான் ஊடை. அதை முதலில் கொளுத்துங்கள்.